சாம்பாரில் ஹாப்பூர்

அண்ணன் தட்டில் நான் சாம்பார் ஊற்றினேன். முருங்கைக்காயோடு ஓர் அட்டைத் துண்டும் விழுந்தது.

கோவில்பட்டியிலிருந்து ரெண்டு நாள் ரயிலில் வந்து இறங்கிய அண்ணன். குளித்து, திருநீறு பூசி, தங்கச்சி கையால் ஒரு வாய் சாப்பிடலாம் என்று உட்கார்ந்த மனுஷன். அந்த அட்டையை ரெண்டு விரலால் தூக்கி, சொட்டச் சொட்டப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் காட்டிப் படித்தார்.

“ஹாப்பூர்.”

நான் கரண்டியைச் சட்டிக்குள் போட்டு மூடினேன்.

“என்னட்டி இது? தில்லிக் காயா?”

நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், உண்மையாகவே கவலைப்பட்டு எட்டிப் பார்த்தார். “அடடா, அது மீரட்டுக்குப் போகவேண்டியதுல்லா! நான்தான் தப்பா அம்பாலாவுல போட்டிருக்கேன்,” என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

“அம்பாலான்னா மல்லிப்பொடி டப்பா, மச்சான். மீரட்டு பெருங்காயம்,” என்று இவர் விளக்கம் வேறு கொடுத்தார். விளக்கிய பிறகு அண்ணன் முகம் இன்னும் மோசமாகிவிட்டது.

கை கழுவப் போகும் சாக்கில் அண்ணன் என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டார். “மாப்ளைக்கு எத்தனை நாளா இப்படி?” என்று ரகசியமாகக் கேட்டார். வைத்தியரிடம் காட்டியாச்சா என்று கேட்கிற அதே குரல்.

தில்லிக் குளிரைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்திரிகையில் நான் எழுதியதை யாரையோ விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள் என் மகள். தில்லியில் பிறந்தவள், தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். “அப்பாவைப் பத்தி ஏதும் எழுதிடாதே மம்மி, ப்ளீஸ்,” என்று போனில் சொன்னாள். அதனால்தான் இந்த வாரம் முழுக்க அவள் அப்பாவைப் பற்றி எழுதுகிறேன். சொல்லாமலிருந்தால் ஒருவேளை விட்டிருப்பேன். இந்தக் கூத்தெல்லாம் அவள் பிறப்பதற்கு முன்னால் நடந்தது.

விழுங்கிய ஒரு சொல்

எங்கள் கல்யாணத் தரகர் பொய் சொல்லவில்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். “பையன் சென்ட்ரல் கவர்ன்மென்ட். தபால் இலாகா. தில்லியில உத்தியோகம்,” என்றார். எல்லாமே நிஜம். ‘டெம்ப்ரவரி’ என்கிற ஒரு சொல்லை மட்டும் வெற்றிலையோடு சேர்த்து விழுங்கிவிட்டார்.

அந்தச் சொல் எனக்குத் தெரிய வந்தது லக்ஷ்மிபாய் நகரில், ஒரு குவார்ட்டர்ஸின் பின்பக்க அறையில், குடித்தனம் தொடங்கி ஒரு வாரம் கழித்து. ஒரு நாற்காலி வாங்கலாமா என்று கேட்டேன். “பர்மனென்ட் ஆகட்டும்,” என்றார். ஒரு கட்டில்? “பர்மனென்ட் ஆகட்டும்.” அப்படியானால் இப்போது நீங்கள் யார் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

டெம்ப்ரவரி ஆளோடு குடித்தனம் நடத்திப் பார்த்தால்தான் தெரியும். பால்காரன் தண்ணீர் ஊற்றினாலும் சண்டை போடமாட்டார். ஏன் என்றால், பால்காரனின் மைத்துனன் ஆபீஸில் யாருக்காவது தெரிந்தவனாக இருந்துவிட்டால்? வாசலில் யாராவது செருமினால் எழுந்து நிற்பார். ஒருநாள் எழுந்து நின்று கும்பிட்டுவிட்டு வெளியே போய்ப் பார்த்தார். பசுமாடு.

பர்மனென்ட் ஆக ஒரு பரீட்சை தேற வேண்டும். எழுத்துப் பரீட்சை என்றால் இவர் புலி. ஆனால் இது கைப் பரீட்சை. கடிதம் பிரிக்கிற கூடத்தில், ஆள் உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி நிற்கும். அறை அறையாகத் தடுத்திருக்கும். ஒவ்வோர் அறையும் ஒரு பெரிய ஊர். கையில் ஒரு கட்டு அட்டை கொடுப்பார்கள். அட்டையில் இருப்பது சின்ன ஊரின் பேர். ஹாப்பூர் என்றால் மீரட் அறை, தேவ்பந்த் என்றால் சஹாரன்பூர் அறை, ஹாத்ரஸ் என்றால் அலிகர் அறை. அறையின் பேரைத் தேடிக்கொண்டு நின்றால் நேரம் போய்விடும். கண் அட்டையைப் படிக்கும்போதே கை தானாகப் போக வேண்டும்.

மூன்று தடவைதான் வாய்ப்பு. மூன்றிலும் போனால் வேலையும் போயிற்று. மரியாதையாக ஒரு கடிதம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

இவர் முதல் தடவையில் போய்விட்டார். ஒவ்வோர் அட்டையையும் கீழே அச்சாபீஸ் பேர் வரைக்கும் படித்தாராம்.

என் சமையலறையில் பாதி வட இந்தியா

வீட்டில் பழகினால் கை பழகிவிடும் என்று இவருக்கு யார் சொன்னார்களோ. அறை அறையாகப் பிரித்த பெட்டிக்கு எங்கே போவது? என் அஞ்சறைப் பெட்டி அலமாரி கண்ணில் பட்டுவிட்டது.

பழைய பேக்கிங் பெட்டியைச் சுவரில் அடித்து, அதில் வனஸ்பதி டின்களும் பால்பவுடர் டின்களும் அடுக்கி வைத்திருந்தேன். ஒருநாள் மார்க்கெட் போய்விட்டு வந்தால் எல்லா டின்னிலும் சீட்டு ஒட்டியிருக்கிறது. வெந்தயம் மதுரா. மிளகு சஹாரன்பூர். சீரகம் ஹிஸ்ஸார். கடுகு கர்னால். மிளகாய்ப்பொடி அலிகர். எங்கள் கல்யாணப் பத்திரிகை மிஞ்சிக் கிடந்ததை வெட்டி அட்டை செய்திருந்தார். ஒரு பக்கம் இங்கிலீஷில் ஊர்ப் பேர், மறுபக்கம் ‘நிகழும் மங்களகரமான’.

“மூடியை எல்லாம் எதுக்குத் தொறந்து வச்சிருக்கீய?”

“அட்டை உள்ள விழணும்லா?”

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு பம்மி பாபி ஓடி வந்துவிட்டாள். பஞ்சாபி. பாபி என்றால் அண்ணி. ஆனால் என்னைவிட ஒரு வயது இளையவள். விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாளே தவிர, எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை.

சாயந்தரம் ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு அலமாரி முன்னால் நிற்பார். சட் சட் சட்டென்று அட்டை பறக்கும். நான் அடுப்பைப் பார்க்க வேண்டுமானால் குனிந்து தவழ்ந்து போக வேண்டும். பொறுக்கி எடுக்கும்போது ஒன்றிரண்டு டின்னுக்குள்ளேயே தங்கிவிடும். அதில் ஒன்றைத்தான் அண்ணன் கண்டுபிடித்தார். ரசத்தில் ஒருநாள் ஹான்ஸி வந்தது. அதை நாங்கள் ரெண்டு பேரும் பேசாமல் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டோம்.

மாசம் ஒன்று ஆவதற்குள் எனக்கும் பைத்தியம் தொற்றிக்கொண்டது. “அலிகர்ல ரெண்டு கரண்டி எடுங்க” என்பேன், எடுத்துக் கொடுப்பார். பம்மி பாபி சீரகம் கடன் கேட்டு வந்தால் “ஹிஸ்ஸார் மேங் ஹை, லே லோ,” ஹிஸ்ஸாரில் இருக்கு, எடுத்துக்கோ என்பேன். அவளும் நேராகப் போய் எடுத்துக்கொள்வாள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நம்ம ஊர்க் கட்டிப் பெருங்காயம் கிடைக்கும். கடைக்காரர் எவ்வளவு வேண்டும் என்று கேட்டதற்கு, “மீரட்டு காலியாயிட்டு, நிறையவே குடுங்க,” என்று சொல்லிவிட்டேன். அவர் பாலக்காட்டுக்காரர். ஒன்றும் கேட்காமல் நிறுத்துக் கொடுத்துவிட்டார். தில்லியில் நாலு வகை ஆட்களைப் பார்த்தவர்.

ஆனால் இவர் கை பழகியது என்னவோ உண்மை. கண்ணைக் கட்டிவிடச் சொல்வார். நான் சேலைத் தலைப்பால் கட்டுவேன். பம்மி பாபி ஊர்ப் பேரைப் படிப்பாள். “குர்ஜா!” சட். “பிருந்தாவன்!” சட். ஒன்றுகூடத் தப்பாது. பம்மி பாபி கைதட்டி “வாஹ், பாய்சாப், வாஹ்!” என்பாள். எனக்குப் பெருமை தாங்காது. நாற்காலி எந்த மாதிரி வாங்கலாம் என்று மனசுக்குள் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அண்ணன் மட்டும் நம்பவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது ஸ்டேஷனில் சொன்னார். “இந்தப் பரீட்சை கிரீட்சை ஒண்ணும் நடக்காது போலிருக்கு. பேசாம ரெண்டு பேரும் வந்துருங்க. நம்ம அரிசி மண்டியில மூடை எண்ணச் சொல்றேன். தங்கச்சி மாப்ளையை விட்டுருவனா?”

பாசத்தோடுதான் சொன்னார். அதனால்தான் எனக்குப் பயம். அண்ணன் மண்டியில் மூடை எண்ணுகிறவர்களை அண்ணன் எப்படிக் கூப்பிடுவார் என்று எனக்குத் தெரியும். இவரை அப்படிக் கூப்பிட்டு நான் காதால் கேட்க வேண்டுமா? அதைவிட இந்த அறையில் நாற்காலியே இல்லாமல் தரையில் கிடந்து சாகலாம் என்று தோன்றியது.

ஜலதோஷமா?

ரெண்டாம் பரீட்சை நடந்த அன்று இவர் சீக்கிரமே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

“என்ன ஆச்சு?”

“அங்க வாசமே இல்லட்டி.”

“எது இல்ல?”

“வாசம். ஹாப்பூர்னு அட்டை வருது. கை எங்கயோ போகப் பாக்குது. பெருங்காய வாசத்தைத் தேடுதேன், இல்ல. அந்தப் பொட்டி பூரா வெறும் மர வாசம்.”

நாங்கள் நினைத்தது கை பழகியது என்று. பழகியது மூக்கு. இத்தனை நாளும் மூடி திறந்த டின்களுக்கு முன்னால் நின்று நின்று, மூக்கு காட்டிய வழியில்தான் கை போயிருக்கிறது. கண்ணைக் கட்டினாலும் தப்பாததன் ரகசியம் அதுதான். கண்ணுக்கு அங்கே வேலையே இருக்கவில்லை.

பரீட்சைக் கூடத்தில் இவர் பெட்டியின் ஒவ்வோர் அறைக்குள்ளும் மூக்கை விட்டு உறிஞ்சிப் பார்த்திருக்கிறார். பரீட்சை வைக்க வந்த பெரிய அதிகாரி நல்ல மனுஷன். “ஜுகாம் ஹை க்யா?” என்று ஜலதோஷத்தை விசாரித்து, இஞ்சி டீ கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். டீ வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. சிரித்து முடித்து இவர் முகத்தைப் பார்த்தேன். அப்புறம் அழுதேன். இன்னும் ஒரே ஒரு தடவை. அதற்குப் பிறகு மண்டி, மூடை, அண்ணன்.

பம்மி பாபியின் வைத்தியம்

மறுநாளே டின்னை எல்லாம் காலி செய்தேன். புளி போட்டுத் தேய்த்து, சோடா உப்புப் போட்டுக் கழுவி, மொட்டை மாடியில் காய வைத்தேன். பிரயோசனமில்லை. மற்றதாவது கொஞ்சம் அடங்கியது. பெருங்காய டின் அடங்கவே மாட்டேன் என்றது. வெறும் டின்னை வைத்துப் பழகினாலும் இவர் மூக்கு மோப்பம் பிடித்துவிடுகிறது.

வழி காட்டியது பம்மி பாபிதான். கொடியில் தொங்கிய என் சேலையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கிளிப்பை உருவினாள். விறுவிறுவென்று உள்ளே வந்தாள். இவர் மூக்கில் மாட்டினாள்.

“அப் போலோ,” இப்போ சொல்லுங்க என்றாள். “ஹாப்பூர்?”

“பீரட்டு,” என்றார் இவர், கண்ணில் தண்ணீர் வழிய. கை மட்டும் கர்னாலுக்குப் போயிற்று.

பச்சைக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பது போல முதலிலிருந்து ஆரம்பித்தோம். முதல் வாரம் எல்லாம் தப்பு. ரெண்டாம் வாரம் பாதி தப்பு. பேர் கேட்டதும் இடம் மனசில் வர வேண்டும், வாசம் வரக்கூடாது. மூக்கில் கிளிப்போடு வாயால் மூச்சு விட்டுக்கொண்டு நிற்பார். நடுவில் “சொர்டம், ஒரு காப்பி” என்பார், என் பேர் அந்த மூக்கில் அப்படித்தான் வரும். நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு காப்பி போடுவேன்.

மூக்கு சிவந்து வீங்கிவிட்டது. ஆபீஸில் இவர் குடிக்க ஆரம்பித்துவிட்டதாகப் பேச்சு. இவரோடு வேலை பார்த்த சேதுராமன், அவரும் டெம்ப்ரவரி, அவருக்கும் கடைசித் தடவை, வீட்டுக்கே வந்து எனக்கு ஆறுதல் சொன்னார். “கவலைப்படாதீங்க மாமி. பயத்துல சில பேர் இப்படித்தான் குடிக்கத் தொடங்கிடறா.” நான் அவரை உள்ளே கூட்டிப் போய்க் காட்டினேன். பார்த்துவிட்டு, “குடியே தேவலை மாமி,” என்றார்.

ஆனாலும் கை திரும்பி வந்தது. முன்னைவிட வேகமாகவே வந்தது. பரீட்சைக்கு முந்தின வாரம் டின்களை இடம் மாற்றி வைத்துப் பார்த்தேன். மூக்கு மூடியிருந்ததால் இவர் சீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சரியாகப் போட்டார். பெருமூச்சு விட்டேன். கிளிப்பைக் கழற்றிவிட்டுப் போடச் சொல்லிப் பார்க்க ரெண்டு பேருக்குமே தோன்றவில்லை. பாருங்கள் கூத்தை!

ரூல் புத்தகத்தில் மூக்கு

பரீட்சை அன்று காலையில் கொடியிலிருந்து இவர் பனியன் கீழே விழுந்து மண்ணாகிக் கிடந்தது. கிளிப் இல்லை. காற்றைத் திட்டிக்கொண்டே மறுபடி துவைத்தேன்.

அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. பம்மி பாபி பரோட்டா கொண்டுவந்து வைத்தாள், அதுவும் இறங்கவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்தேன். மண்டியில் இவர் எந்த மூலையில் உட்காருவார் என்றுகூட மனசு கணக்குப் போட்டுவிட்டது.

அங்கே நடந்ததைச் சேதுராமன்தான் வந்து சொன்னார். இவருக்குப் பக்கத்துப் பெட்டி அவருக்கு.

இவர் பெட்டி முன்னால் போய் நின்றிருக்கிறார். மணி அடித்ததும் முதல் அட்டையை எடுத்திருக்கிறார். கை நகரவில்லை. ரெண்டாவது அட்டை. நகரவில்லை. அதே நல்ல அதிகாரி பின்னால் வந்து நின்று, இன்னும் ஜலதோஷம் விடவில்லையா என்று பரிதாபமாகப் பார்த்திருக்கிறார்.

இவர் சட்டைப் பையில் கையை விட்டார். பச்சைக் கிளிப்பை எடுத்தார். மூக்கில் மாட்டினார்.

“ருக்கோ, ருக்கோ!” என்று அதிகாரி கடிகாரத்தை நிறுத்திவிட்டார். “யே க்யா ஹை?”

“கிளிப், சார்.”

“க்யோங்?” எதற்காம்.

“ஆதத், சார்,” என்றாராம் இவர், மூக்கடைத்த குரலில். பழக்கமாம்!

கூடமே நின்றுவிட்டது. உதவி அதிகாரி ஒருவர், இது ஒழுங்கீனம், வெளியே அனுப்ப வேண்டும் என்றார். பெரியவர் ரூல் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். பேசக்கூடாது என்று இருந்தது. பக்கத்தில் பார்க்கக்கூடாது என்று இருந்தது. குறிப்பு வைத்திருக்கக்கூடாது என்று இருந்தது. மூக்கைப் பற்றி ஒரு வரி இல்லை. கிளிப்பின் உள்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று உதவி அதிகாரி கழற்றிப் பார்த்தார். மோந்து வேறு பார்த்தார். சோப்பு வாசம்தான் வந்திருக்கும், வேறென்ன வரும்!

கடைசியில் பெரியவர் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னாராம்: “நானும் மூக்கில் ஒன்று மாட்டிக்கொண்டுதான் வேலை பார்க்கிறேன். போடச் சொல்லுங்கள்.”

கடிகாரத்தை மறுபடி முதலிலிருந்து ஓட்டினார்கள். அதற்கப்புறம் நடந்ததைச் சொல்லும்போது சேதுராமனுக்கே மூச்சு வாங்கியது. “மாமி, அது கையே இல்ல. நான் என் அட்டையை விட்டுட்டு வாயைப் பிளந்துண்டு பாத்துண்டு நின்னேன். எனக்கு நேரம் போறதேன்னு அப்புறம்தான் உறைச்சுது.” அவரும் எப்படியோ தேறிவிட்டார்.

மணி அடிப்பதற்கு முன்பே இவர் கை காலி. பெரியவரே ஒவ்வோர் அறையாக எடுத்து எண்ணிப் பார்த்தார். பிறகு தன் கையாலேயே இவர் மூக்கிலிருந்து கிளிப்பைக் கழற்றி, “பாஸ்,” என்றார்.

இதன் பலனை அந்த ஆபீஸ் கொஞ்ச காலம் அனுபவித்தது. அடுத்த பரீட்சைக்கு வந்த பையன்கள் ரெண்டு மூன்று பேர் மூக்கில் கிளிப்போடு நின்றார்களாம். மூளைக்கு ரத்தம் ஏறும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள்.

இத்தனை கூத்துக்கும் பிறகு, நிரந்தரமாக்கிய கையோடு இவரை ஸ்டாம்பு விற்கிற ஜன்னலில் உட்கார வைத்துவிட்டார்கள். கடைசி வரைக்கும் ஒரு கடிதம்கூட இவர் பிரித்துப் போட்டதில்லை.

வரலாம்

ஆர்டர் வந்த அன்று இவர் துள்ளிக் குதிக்கவில்லை. காகிதத்தை என் கையில் கொடுத்தார். நான் படித்தேன். “ஆயிட்டு,” என்றார். “ஆமா, ஆயிட்டு,” என்றேன். சாப்பிட்டார், படுத்தார். நான் அண்ணனுக்கு ஓர் இன்லண்டு லெட்டர் எழுதினேன். மண்டிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லி, ரெண்டே வரி.

விடிந்தும் எழுந்திருக்கவில்லை. தொட்டுப் பார்த்தேன். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது.

இவருக்குக் காய்ச்சல் வந்து நான் பார்த்ததே இல்லை. தில்லிக்கு வந்து எத்தனை குளிர்காலம்! தெருவே படுத்துக் கிடந்தபோதும் இவர் மட்டும் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார். ஒருநாள் லீவு போட்டதில்லை. இரும்பு உடம்பு என்று ஊரெல்லாம் பெருமை அடித்திருக்கிறேன்.

“ஐயோ, ஆபீஸுக்கு யாரு சொல்லுவா? மணி ஆயிட்டே, எந்திரிங்க, மெள்ள எந்திரிச்சு உக்காருங்க,” என்று பதறினேன். எனக்கும் அந்தப் பயம் ஊறிப் போயிருந்தது.

இவர் எழுந்திருக்கவில்லை. ரெண்டு பஞ்சுப் போர்வை, ரஜாய்க்கு அடியில் பல் கிடுகிடுக்க, சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை அதுவரை இவர் முகத்தில் நான் பார்த்ததில்லை.

“லீவு லெட்டர் எழுதுட்டி,” என்றார்.

பேனாவை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். கண் மறைத்தது.

“எத்தனை நாளுன்னு போட?”

“எத்தனை நாள் வேணும்னாலும் போடு,” என்று ரஜாயை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டார். “இனிமே எனக்குக் காய்ச்சல் வரலாம்.”